பெட்டி பேசவில்லை

ஞாயிறு, காலை

அன்புள்ள மூக்கிக்கு,

அண்ணி எழுதுவது. நலம் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். நலமில்லை என்று எழுதினால் அங்கே தனியாக உட்கார்ந்து அழுவாய். அதனால் 'இருக்கிறேன்' என்று எழுதுகிறேன். நீயும் இருப்பாய். போனில் கேட்டுக்கொள்ளலாம்தான். ஆனால் போனில் நாம் சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று ஆரம்பிக்கிறோம், பிறகு உன் அண்ணன் பேச்சு வந்துவிடுகிறது, உடனே யாராவது ஒருத்தி 'லைன் சரியில்லை' என்று வைத்துவிடுகிறோம். லைனுக்கு ஒரு கோளாறும் இல்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும். கடிதம் என்றால் அந்த நாடகம் வேண்டாம் பார்.

சோப்புத் தொழிற்சாலையில் எந்நேரமும் ரோஜா வாடை, சாப்பிடுகிற சோறும் ரோஜாவாகவே இருக்கிறது என்று எழுதியிருந்தாயே, படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தேன். இங்கே ஆப்பிள் குளிர்கிடங்கில் அத்தனை பேருக்கும் நீதான் மூக்கு. அந்த மூக்கைக் கொண்டுபோய் சோப்புப் பெட்டி ஒட்டும் வேலையில் வைத்திருக்கிறார்கள். யாருக்கு என்ன தெரிகிறது?

இங்கே மோந்து பார்க்கிற மேஜையில், உன் இடத்தில் நான் நிற்கிறேன். ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை. நீ சொல்லிக்கொடுத்தபடிதான் செய்கிறேன். குளிரறையிலிருந்து ஆப்பிள் பெட்டி வந்ததும் பாதி உடம்பை உள்ளே விட்டுக் குனிந்து, மூச்சை ஒரே இழுப்பாக இழுக்கிறேன். மழையில் நனைந்த கோணி மாதிரி ஒரு வாடை வந்தால் 'பேசுது' என்று சொல்லிப் பெட்டியைத் தனியே தள்ளவேண்டும், உள்ளே எங்கோ பூஞ்சை பிடித்திருக்கிறது என்று அர்த்தம். இந்த 'பேசுது' நீ விட்டுவிட்டுப் போன வார்த்தை. இன்றைக்கு லாரிக்காரர்கள்கூட அப்படித்தான் சொல்கிறார்கள்.

ஒரு சந்தோஷமான செய்தி. இந்த முறை பெட்டிகள் வாயே திறப்பதில்லை. எனக்கு ஒரு காய்ச்சல் வந்து போனது, கடுமையான சளி, எழுந்து வேலைக்குப் போனதிலிருந்து ஒரு பெட்டிகூடப் பேசவில்லை. மேற்பார்வையாளருக்குத் தலைகால் புரியவில்லை. "உங்க கைராசிதாம்மா, இப்படி ஒரு சுத்தமான சரக்க நான் பார்த்ததே இல்ல" என்றார். கைராசிக்கும் மூக்குக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க நினைத்தேன். பாராட்டைக் கெடுத்துக்கொள்வானேன் என்று சிரித்து வைத்தேன்.

நான் முன்பு நின்ற இடத்தில், பழம் கழுவும் தண்ணீர்த் தொட்டிக்கு அந்தப் பக்கம், புதிதாக ஒருத்தி வந்திருக்கிறாள். பழத்தின் தோலைப் பார்த்துத் தரம் பிரிக்கிறாள். கை வேலை செய்கிறவரை வாய் எதையாவது முனகிக்கொண்டே இருக்கும். பாட்டுக்காரி என்று பெயர் வைத்துவிட்டோம். நல்லவள்தான். ஆனால் நிமிர்ந்தால் உன் முகம் இருக்கும் என்று என் கழுத்துக்கு ஒரு பழக்கம் இருக்கிறது, அது இன்னும் போகவில்லை.

வீட்டில் எல்லாம் மட்டம். பால்காரர் தண்ணீரில் கொஞ்சம் பால் கலந்து ஊற்றுகிறார். காப்பித்தூள் கடை மாற்றிவிட்டேன், புதுக்கடைத் தூளும் மரத்தூள்தான். காலம் கெட்டுக்கிடக்கிறது. இதற்கு நடுவில் கீழ்வீட்டு அம்மா ஒருநாள் "தீயுது தீயுது" என்று கதவை உடைக்காத குறையாகத் தட்டினாள். போய்ப் பார்த்தால் அடுப்பில் பால் கொஞ்சம் அடிப்பிடித்திருந்தது, அவ்வளவுதான். உலகத்தில் அவளுக்கு மட்டும்தான் மூக்கு இருக்கிறது போல என்ன ஆர்ப்பாட்டம்!

இன்னொன்று எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். உன்னிடம் எழுதாமல் வேறு யாரிடம் எழுதுவேன்? உன் அண்ணனுடைய நீலச் சட்டை, கடைசியாக வேலைக்குப் போட்டுப்போனது, துவைக்காமல் உறையில் கட்டி வைத்திருக்கிறேன் அல்லவா? அதில் மணம் போய்விட்டது. கருமித்தனமாக எப்போதாவது ஒருமுறைதான் திறப்பேன். மெஷின் எண்ணெய், எலுமிச்சை சோப்பு, அடியில் அவர். போன ஞாயிறு திறந்தேன், வெறும் துணி. இன்றும் திறந்து பார்த்தேன். அவரை இரண்டாம் முறையும் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள் போல இருந்தது. நான்தான் அடிக்கடி திறந்து தீர்த்துவிட்டேனோ என்னவோ. கஞ்சி வடிக்கத் தெரிந்தவளுக்குக் கஞ்சத்தனம் தெரியவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். சோறு ரோஜாவாக இருந்தாலும் சாப்பிடு.

உன் அண்ணி

&nbsp;

திங்கள், மாலை

அன்புள்ள மூக்கிக்கு,

உன் பதில் வரும்வரை காத்திருக்க முடியவில்லை. இங்கே பெரிய ரகளை.

தரம் குறைந்த பழமெல்லாம் பக்கத்துக் கொட்டகைக்குச் சாறு பிழியப் போகிறது அல்லவா? அந்தச் சாறு வெளியே போகும்முன் தொட்டிக்குத் தொட்டி சோதனை செய்வார்கள். இந்த முறை ஒரு தொட்டி தேறவில்லை. பூஞ்சை விஷம், அனுமதித்த அளவுக்கு மேல். நல்லவேளை, ஒரு சொட்டுகூடக் கேட்டைத் தாண்டவில்லை. குழந்தைகளுக்கான குப்பியில் அடைக்க வேண்டிய சாறு அது.

சோதனைக்கூடத்து அம்மா எங்கள் கொட்டகைக்கே வந்துவிட்டார். உனக்கு அவரைத் தெரியாது, நீ போனபிறகு வந்தவர். அதட்டாமல் பேசுகிறவர். அந்தத் தொட்டிப் பழம் இருந்த அதே குளிரறையிலிருந்து வந்து, பிரிக்காமல் ஓரமாக நின்ற பெட்டிகளைத் திறக்கச் சொன்னார். பழமெல்லாம் வெளியே பளபளவென்று கண்ணாடி போல இருந்தது. ஒன்றை எடுத்து நடுவே பிளந்து காட்டினார். விதை இருக்கும் அறை முழுக்க நீலப் பொடி. பூ இருந்த பக்கத்துச் சின்னத் துளை வழியாக உள்ளே போய், குளிரிலும் சாகாமல், அவசரமே இல்லாமல் வளர்ந்திருக்கிறது. பாட்டுக்காரி கெட்டதை மட்டும் நறுக்கிவிட்டுப் பிழியக் கூடாதா என்று கேட்டாள். அந்த அம்மா சொன்னார்: "நீங்க பார்க்கிறது பூஞ்சை. விஷம் அதைத் தாண்டிப் போயிருக்கும், அது கண்ணுக்குத் தெரியாது. காய்ச்சினாலும் போகாது, வடிகட்டினாலும் போகாது." பிறகு என்னைப் பார்த்து, "விஷத்துக்கு வாடையும் கிடையாது. வாடை பூஞ்சைக்குத்தான். அதனாலதான் உங்க மூக்க நம்பி இருக்கோம்" என்றார்.

மூக்கி, அப்போது அந்தப் பெட்டி என் இடுப்புக்கு நேராக இருந்தது. பாட்டுக்காரி தண்ணீர்த் தொட்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்தவள், கைத்துணியால் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்னால் போனாள். "அக்கா, இது பேசலக்கா, கூப்பாடு போடுது" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். குனிந்து பாதி உடம்பை உள்ளே விட்டு மூச்சை இழுத்தேன். குளிர்ந்த காற்று வந்தது. வேறு ஒன்றும் வரவில்லை.

ஒருவரிடமும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்ததும் வெங்காயத்தை வெட்டி மூக்கில் வைத்துக்கொண்டேன். கண்ணில் தண்ணீர் வந்தது, வாடை வரவில்லை. அப்புறம் சோப்பு, காப்பித்தூள், செருப்பு, நான்கு நாள் அழுக்குத் துணி, கற்பூரம். பைத்தியக்காரி மாதிரி வீடு முழுக்க மோந்துகொண்டு போனேன். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று எத்தனை பேரைச் சொல்லியிருக்கிறேன், இன்றைக்கு அந்தக் கழுதை நான்தான். பால்காரர் மேல் ஒரு தப்பும் இல்லை. காப்பிக்கடைக்காரர் மேலும் இல்லை. காலமும் கெடவில்லை. காய்ச்சல் போகும்போது மூக்கையும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறது. கீழ்வீட்டு அம்மா அன்றைக்கு வந்திருக்காவிட்டால் உனக்கு இந்தக் கடிதத்தை எழுத நான் இருந்திருப்பேனோ என்னவோ.

பெட்டிகள் எல்லாம் பேசிக்கொண்டுதான் இருந்திருக்கின்றன. செவிடி நான்தான் குனிந்து நின்று, சத்தமே இல்லை, நல்ல பெட்டி, நல்ல பெட்டி என்று அனுப்பிக்கொண்டே இருந்திருக்கிறேன்.

இதையெல்லாம் நினைத்து அடுப்படியில் தரையிலேயே உட்கார்ந்திருந்தபோது திடீரென்று ஒன்று தோன்றியது. அப்படியென்றால் சட்டை? நான் அழவில்லை மூக்கி. உட்கார்ந்த இடத்தில் சிரித்தேன். யாராவது பார்த்திருந்தால் வைத்தியரிடம் கூட்டிப்போயிருப்பார்கள். சட்டையில் ஒன்றும் தீர்ந்துபோகாமல் இருக்கலாம். உன் அண்ணன் அங்கேயே இருக்கலாம். நான்தான் வெளியே நிற்கிறேன்.

ஆனால் சிரிப்பு நிலைக்கவில்லை, கவலை வந்துவிட்டது. மேற்பார்வையாளர் பழியை, உன் அண்ணன் வேலைக்கு வந்திருக்கிற புது மெஷின்காரர் மேல் போடுகிறார். அறையில் குளிர் குறைந்திருக்கும், காற்றுக் கணக்கு தவறியிருக்கும், அதனால்தான் பூஞ்சை என்று. அந்த மனிதர் வாய் பேசத் தெரியாதவர். தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். உனக்கு ஒன்று சொல்லவேண்டும். அவர் வேலையில் சேர்ந்த அன்று, மெஷின் அறையில் உன் அண்ணன் உட்காரும் ஸ்டூல் அப்படியே இருந்தது, பழைய தலையணை உறை போட்டுக் கட்டியது. அவர் அதில் உட்காரவில்லை. சுவரோரமாக நகர்த்தி வைத்துவிட்டுத் தன் வீட்டிலிருந்து வேறொன்று கொண்டுவந்தார். யாரும் அவரிடம் எதுவும் சொல்லவில்லை. அவராகவே செய்தார்.

நான் சொல்லிவிட்டால் வேலை போகும். மூக்கு இல்லாதவளை மூக்கு வேலையில் எப்படி வைத்துக்கொள்வார்கள்? வேலை போனால் போகட்டும், வேறு கிடைக்கும். ஆனால் மேஜை? அந்தக் கொட்டகையில்தான் காலையில் யாராவது 'வந்துட்டீங்களா' என்று கேட்கிறார்கள். வீட்டில் கேட்க ஆளில்லை. அதை விட்டுவிட்டு எங்கே போய் நிற்பேன்?

நீ இருந்தால் என்ன செய்யச் சொல்வாய் என்று தெரியும். அதனால் உன்னிடம் கேட்கவில்லை.

அண்ணி

&nbsp;

ஞாயிறு, மதியம்

அன்புள்ள மூக்கிக்கு,

சொல்லிவிட்டேன்.

போன கடிதம் எழுதிய மறுநாள் காலையில் வேலை தொடங்கும் முன்பே மேற்பார்வையாளர் அறைக்குப் போனேன். எனக்கு மூக்கு வேலை செய்யவில்லை, காய்ச்சலிலிருந்தே இல்லை, அறைமேல் தப்பில்லை என்றேன். அவர் முதலில் சிரித்தார். மெஷின்காரருக்குப் பரிந்துகொண்டு பொய் சொல்கிறேன் என்று நினைத்தாராம். "கண்ண மூடுங்க" என்றார். மூடினேன். எதையோ திறந்து என் மூக்குக்கு அடியில் பிடித்தார். ஒன்றுமில்லை. தண்ணீர் என்றேன். கண்ணைத் திறந்தால் தரை கழுவுகிற பினாயில் குப்பி. திட்டத் தயாராக இருந்தவர், அதை மறந்துவிட்டு ஜன்னலைப் போய்த் திறந்தார்.

பிறகு நன்றாகத் திட்டினார், அது வேறு விஷயம். ஏன் முன்னாலேயே சொல்லவில்லை என்றார். எனக்கே தெரியவில்லை என்றால் யார் நம்புவார்கள்? கண் போனால் இருட்டாகும், காது போனால் அமைதியாகும். மூக்கு போனால் உலகம் கொஞ்சம் மட்டமாகிவிட்டது என்றுதானே தோன்றும்! அதைச் சொன்னேன். சோதனைக்கூடத்து அம்மா மட்டும், ஆமாம், அப்படித்தான் இருக்கும் என்று தலையாட்டினார்.

வேலை போகவில்லை. மேஜை போய்விட்டது. குனிந்து மோக்கிற வேலையைப் பாட்டுக்காரிக்குக் கொடுத்திருக்கிறார்கள். முதல் நாளே இரண்டு பெட்டியைப் பேசுகிறது என்று தள்ளினாள், பிளந்து பார்த்ததில் அவள் சொன்னது சரியாக இருந்தது. போகிற வழியில் என் தோளைத் தொட்டு "உங்க இடம் அக்கா, நான் சும்மா பார்த்துக்கிறேன்" என்றாள். அழுகை வந்தது, அவளிடம் காட்டவில்லை. நான் இப்போது பின்பக்க முற்றத்தில் காலிப் பெட்டி கழுவுகிறேன். பழைய பூஞ்சை மரத்தில் ஒட்டிக்கொண்டு புதுப் பழத்துக்குத் தாவாமல் இருக்க மருந்துத் தண்ணீரில் முக்கி எடுக்கவேண்டும். அவசியமான வேலைதான். ஆனால் எதிரே சுவர். நிமிர்ந்து பார்த்தால் யாருமில்லை. இதற்காவது என் கழுத்து பழகுகிறதா பார்க்கலாம்.

சாற்றைக் கொட்டிவிட்டார்கள். அந்த அறைப் பழத்தையெல்லாம் லாரியில் ஏற்றிக் குழிக்குக் கொண்டுபோனார்கள். பார்த்தால் எல்லாம் சிவப்பாக, கடித்துத் தின்னலாம் போல இருந்தது.

மெஷின்காரர் கேட்டருகே காத்துக்கொண்டிருந்தார். நன்றி என்றெல்லாம் சொல்லத் தெரியாத மனிதர். "அண்ணனோட ஸ்டூல் அங்கேயே இருக்கு. டீ நேரத்துல நீங்க வந்து உக்காருங்க. நான் வெளில நின்னுக்கறேன்" என்றார். வேண்டாம் என்றேன். மறுநாள் போய் உட்கார்ந்தேன். மெஷின் அதே மாதிரி உறுமிக்கொண்டிருந்தது. உன் அண்ணன் சொல்வாரே, பழமும் மூச்சு விடுகிறது, நாம் அதன் மூச்சைக் குறைத்துத் தூங்கவைக்கிறோம், எழுப்பிவிடாமல் நட என்று. மெதுவாக எழுந்து வந்துவிட்டேன்.

வைத்தியரிடம் போனேன். மூக்கு திரும்பி வரலாம், வராமலும் இருக்கலாம், காத்திருங்கள் என்றார். காத்திருக்கிற வேலை எனக்குப் புதிது இல்லை. கீழ்வீட்டு அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். இப்போது என் அடுப்பு எரிகிற நேரமெல்லாம் அவள் மூக்கு மாடிப்படியில்தான் இருக்கிறது. "பால வச்சீங்களா?" என்று கீழிருந்தே கத்துகிறாள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இந்தக் கடிதத்தோடு ஒரு பொட்டலம் வரும். உள்ளே நீலச் சட்டை இருக்கிறது. இரண்டு உறை போட்டு வாயைச் சூடுகாட்டி ஒட்டியிருக்கிறேன். கீழ்வீட்டு அம்மாவிடமே கொடுத்து மோந்து பார்க்கச் சொல்லலாம் என்று ஒருமுறை நினைத்தேன். படியிறங்கிப் பாதியில் திரும்பிவிட்டேன். அவள் மோந்தால் எண்ணெய் வாடை என்பாள், வியர்வை என்பாள். துவைத்துவிடுங்கள் என்பாள். அவளுக்கு அது வாடை. உனக்குத்தான் அண்ணன்.

தொழிற்சாலையிலிருந்து வந்த கையோடு திறக்காதே. அந்த ரோஜாவைக் கழுவிவிட்டு, விடுமுறை நாளில், ஜன்னலைச் சாத்திக்கொண்டு திற. காலரில் பார், முதுகில் வேண்டாம், முதுகில் எண்ணெய்தான் இருக்கும். ஒரே இழுப்பாக இழு. உனக்கே சொல்லித்தருகிறேன் பார்!

விஷத்துக்கு வாடை கிடையாது, அதனால் அது இல்லை என்று நினைக்காதீர்கள் என்று அந்த அம்மா சொன்னார். அவர் விஷத்துக்குச் சொன்னார். நான் சட்டைக்கும் சேர்த்து எடுத்துக்கொண்டேன். ஆனாலும் யாராவது மோந்து பார்த்துச் சொன்னால் நன்றாக இருக்கும்.

பேசினால் பேசுகிறது என்று சொல். பேசாவிட்டாலும் எனக்காகப் பொய் சொல்லாதே, நல்ல பெட்டி, நல்ல பெட்டி என்று சொன்னதெல்லாம் போதும். ஆனால் இரண்டில் எதுவானாலும் போனில் வேண்டாம், எழுதவும் வேண்டாம். தபாலில் சட்டையைத் திருப்பி அனுப்பாதே, பொட்டலத்தை யார் யாரோ தொடுவார்கள். லீவு கேட்டுப் பார். நீயே கையில் எடுத்துக்கொண்டு வா. கதவைத் தட்டு, நான் திறக்கிறேன். வாசலில் நின்றே சொல்.

நீ நல்லபடியாக வந்து சேர வேண்டும் என்று வேண்டிக்கொண்டு,

உன் அண்ணி